குழந்தை கஸ்டடி வழக்குக்கு வக்கீல் தேடுகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. தென் மாவட்டக் கோர்ட் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கேஸ் கட்டு தூக்குகிறேன். குடும்ப நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் நின்றால் வாரத்துக்கு இரண்டு பேராவது, "அண்ணே, பிள்ளை கேஸுக்கு நல்ல வக்கீல் யாருண்ணே?" என்று கேட்டுவிடுவார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் கமிஷன் வாங்கினான் என்பார்கள். எப்படித் தேடுவது என்று மட்டும் சொல்வேன். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்கள்தான் இவை. எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. உங்கள் வழக்கின் சட்ட ஆலோசனையை உங்கள் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

குடும்ப வழக்குக்கென்று தனியாகப் பட்டம் வாங்கிய வக்கீல் இருக்கிறாரா?

இல்லை. டாக்டர்களில் குழந்தை டாக்டர், எலும்பு டாக்டர் என்று படிப்பே தனித்தனியாக இருக்கிறது. வக்கீலுக்கு அப்படி இல்லை. சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வும் தேறிவிட்டால் அவர் கொலை வழக்கும் நடத்தலாம், செக் கேஸும் நடத்தலாம், கஸ்டடியும் நடத்தலாம். குடும்பச் சட்டத்தில் மேல்படிப்பு படித்தவர்கள் உண்டு. அது நல்லதுதான், ஆனால் அது தனி லைசென்ஸ் கிடையாது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. இன்ன வகை வழக்கில் நிபுணர் என்று பெயர்ப் பலகையில் போட்டுக்கொள்வதையே இந்திய பார் கவுன்சிலின் 36-ஆவது விதி தடுக்கிறது. ஆகவே 'விவாகரத்து, கஸ்டடி ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைத்திருப்பவர் முதல் வரியிலேயே விதியை மீறியவர். போர்டை விட்டுவிடுங்கள். அவர் வாரத்தில் எத்தனை நாள் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறார் என்று பாருங்கள்.

சரி, எங்கே போய்த் தேடுவது?

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு உங்கள் ஊர்க் குடும்ப நீதிமன்றத்துக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கே வந்துவிடுங்கள், பத்தரைக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். குடும்ப வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கச் சட்டமே இடம் தருகிறது, அதனால் உள்ளே உட்கார விட மாட்டார்கள். வராந்தா போதும்.

எந்த வக்கீல் தன் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார், யாருடைய கேஸில் எப்போதும் ஜூனியர் மட்டும் வந்து வாய்தா வாங்கிப் போகிறார், இதெல்லாம் ஒரு காலைப் பொழுதில் தெரிந்துவிடும். அதைவிட, எதிர்த் தரப்பு வக்கீலோடு யார் முகம் கொடுத்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள். கஸ்டடி வழக்கில் பாதி வேலை அந்தப் பேச்சில்தான் நடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாளாம், இரண்டு மணி நேரம் அனுப்பலாமா என்று போனில் கேட்டு முடிக்க வேண்டிய விஷயத்துக்கு மனு போட்டு, எதிர்மனு போட்டு முடிப்பதற்குள் பிறந்தநாளே போய்விடும்.

சென்ற வருடம் நான் பார்த்தது. ஆறு வயதுப் பையன், யூனிஃபார்மோடு, கழுத்தில் தண்ணீர் பாட்டில். அம்மா ஒரு பெஞ்சில், அப்பா எதிர் பெஞ்சில். அப்பா செல்போனைத் தூக்கிப் பையனை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், "அப்பாகூட வர்றேன்னு சொல்லுடா" என்று. அப்பாவின் வக்கீல் உள்ளேயிருந்து வந்தார். போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, பையனிடம் குனிந்து, "பாட்டில்ல என்ன, தண்ணியா, ஜூஸா?" என்றார். பையன் சிரித்துவிட்டான். தன் கட்சிக்காரரையே அடக்கத் தெரிந்த அந்த வக்கீலின் பெயரை அன்றைக்கு மூன்று பேர் என்னிடம் விசாரித்தார்கள். மூவரும் வேறு கேஸுக்கு வந்து அங்கே நின்றவர்கள்.

கோர்ட்டுக்கு வர முடியாது, வெளியூரில் வேலை. வேறு வழி?

இ-கோர்ட்ஸ் இணையதளமும் செல்போன் செயலியும் இருக்கின்றன, இலவசம். வழக்கு நிலவரம் பார்க்கிற பக்கத்தில் வக்கீல் பெயரைப் போட்டும் தேடலாம், பார் கவுன்சில் பதிவு எண்ணைப் போட்டும் தேடலாம். மாவட்டத்தையும் குடும்ப நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து, உங்களிடம் யாரோ சிபாரிசு செய்த பெயரைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கோர்ட்டில் அவருக்கு நடப்பில் எத்தனை வழக்கு என்று வரும். எச்.எம்.ஓ.பி. என்றால் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் போட்ட மனு, பெரும்பாலும் விவாகரத்து அல்லது சேர்ந்து வாழக் கோருவது. ஜி.டபிள்யூ.ஓ.பி. என்றால் காப்பாளர் சட்டத்தின் கீழ் வருவது, தனியாகப் போடுகிற கஸ்டடி வழக்கு அதில்தான். எச்.எம்.ஓ.பி. நாற்பதும் ஜி.டபிள்யூ.ஓ.பி. பூஜ்யமும் என்றால் அவர் விவாகரத்து வக்கீல். திறமைக் குறைவு என்று சொல்லவில்லை. குழந்தை விஷயத்தில் அனுபவம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'நம்பர் ஒன் ஃபேமிலி லாயர்' என்று நெட்டில் ஸ்டார் எல்லாம் போட்டு வருகிறதே?

வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. வேறு ஆள் மூலமாகவும் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வக்கீல்களைப் பட்டியல் போட்டு, மதிப்பெண் போட்டு விற்கிற இணையதளங்களைக் கடுமையாகக் கண்டித்து, அவற்றின் வழியாக விளம்பரம் தேடுகிற வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சட்டத்தைப் பற்றி வக்கீல்கள் கட்டுரை எழுதுவதும் வீடியோ போடுவதும் வேறு. அதைப் பாருங்கள், ஆள் எப்படி யோசிக்கிறார் என்று தெரியும். ஐந்து நட்சத்திரத்தை நம்பாதீர்கள்.

கோர்ட் வாசலிலேயே நின்று, "சார் எனக்கு நல்ல பழக்கம், ஜட்ஜையும் தெரியும்" என்று தோளில் கை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஒரு டீகூடக் குடிக்காதீர்கள்.

இவர் உண்மையிலேயே வக்கீல்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதிவு எண் கேளுங்கள். தமிழ்நாட்டில் 'எம்.எஸ்.' என்று தொடங்கி, ஒரு எண், பிறகு பதிவு செய்த வருடம் வரும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் அந்த எண்ணைச் சொல்லி விசாரிக்கலாம். உங்கள் ஊர் வக்கீல் சங்கத்திலும் கேட்கலாம். கேட்டதற்குக் கோபப்படுகிறவர் உங்களுக்கு வேண்டாம்.

முதல் சந்திப்பில் எதை வைத்து எடைபோடுவது?

அவர் முதலில் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பதை வைத்து.

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா? அந்தம்மாவுக்கு வேற யார்கூடயாவது பழக்கம் உண்டா?" என்று ஆரம்பிப்பவர் விவாகரத்துக் கேஸ் நடத்துகிற பழக்கத்தில் பேசுகிறார். கஸ்டடியில் நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலனை. 1956-ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-ஆவது பிரிவே குழந்தையின் நலன்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்கிறது. புருஷன் பெண்டாட்டிக்குள் யார் மேல் தப்பு என்பது அதற்கு அடுத்துத்தான் வரும், சில வழக்கில் வரவே வராது.

எங்கள் சீனியர் ஒரு வேலை செய்வார். வந்தவர் அழுது முடிக்கிற வரைக்கும் பேச மாட்டார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலே பிள்ளையின் பெயர், வயது, வகுப்பு எழுதுவார். கீழே காலை ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி என்று வரிசையாகப் போடுவார். "யார் எழுப்புறது? யார் தலை பின்னுறது? வேன் வராத அன்னிக்கு யார் கொண்டு விடுறது? டைரியில கையெழுத்து யாரோடது? கடைசியாக் காய்ச்சல் வந்தப்ப ஆஸ்பத்திரியில ராத்திரி யார் இருந்தா? தூங்குறப்ப யார் பக்கத்துல படுக்கும்?" தாள் நிறைந்துவிடும். ஒருமுறை ஓர் அப்பா எட்டு மணி வரிசையோடு நின்றுவிட்டார், மகள் எந்த செக்‌ஷன் என்று அவருக்குத் தெரியவில்லை. சீனியர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தம்பி, நீங்க கஸ்டடி கேக்காதீங்க. வாரா வாரம் பாக்குற உரிமை கேப்போம், அது கிடைக்கும்" என்றார். ஒரு பெரிய ஃபீஸ் அன்றைக்குப் போனது. அந்த அப்பா இன்றைக்கும் மாதம் நான்கு சனிக்கிழமை மகளைப் பார்த்துவிட்டு வருகிறார்.

நான் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

முதலில், எந்த ஊர்க் கோர்ட்டில் போடுவது என்று கேளுங்கள். விவாகரத்துக்கு, கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்திருந்த ஊர், மனைவி இப்போது இருக்கிற ஊர் என்று பல வழி உண்டு. 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தில் கஸ்டடி கேட்டால், குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர். திருநெல்வேலியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை மூன்று மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றால் வழக்கமான ஊர் எது? இதில் தவறி ஒரு வருடத்தை இழந்தவர்கள் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டதும் விவரம் தெரிந்த வக்கீல் உடனே பதில் சொல்ல மாட்டார். டி.சி. வாங்கியாச்சா, எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்.

இரண்டாவது, எந்தச் சட்டத்தில் போடப்போகிறார். ஏற்கனவே எச்.எம்.ஓ.பி. நடந்தால் அதற்குள்ளேயே 26-ஆவது பிரிவில் கஸ்டடி கேட்கலாம், தனியாக ஜி.டபிள்யூ.ஓ.பி.யும் போடலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் வழக்கு இருந்தால் 21-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டே தற்காலிகக் கஸ்டடி தரலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தில் இதற்குப் பிரிவுகள் உண்டு. முஸ்லிம் குடும்பம் என்றால் தாய்க்குள்ள ஹிஸானத் உரிமையை, அதாவது சிறு பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்க்கிற உரிமையை, அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் நடந்த கல்யாணம் என்றால் அந்தச் சட்டம். இவற்றில் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று இரண்டு வாக்கியத்தில் உங்களுக்குப் புரியச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, முக்கியமானது: இடைக்கால மனு. மெயின் கேஸ் முடிய வருடக்கணக்கில் ஆகும். அது முடிகிற வரைக்கும் பிள்ளையைப் பார்ப்பது எப்படி, எங்கே, எத்தனை மணி நேரம்? சனிக்கிழமை கோர்ட் வளாகத்திலா, பார்க்கிலா, வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா? காலாண்டு, அரையாண்டு லீவு யாருக்கு? மே மாதம் யாருக்கு? வாரத்தில் இரண்டு நாள் வீடியோ காலாவது உண்டா? வீடியோ கால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2020-இல் உச்ச நீதிமன்றமே, சேர்ந்து இல்லாத பெற்றோர் குழந்தையோடு வீடியோவில் பேசுவதை ஓர் உரிமை போலவே எடுத்துச் சொல்லியிருக்கிறது. கோடை விடுமுறைக்குப் பிள்ளை வேண்டும் என்றால் மார்ச்சிலேயே மனு உள்ளே போயிருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் வந்து நிற்கிறவர்களுக்கு எதிர்மனு வருவதற்குள் கோர்ட்டும் லீவு விட்டுவிடும்.

ஐந்து வயசுக்குள் என்றால் எப்படியும் அம்மாவுக்குத்தானே? வக்கீல் எதற்கு?

சட்டத்தில் இருக்கிற சொல் 'சாதாரணமாக' என்பது. இந்துச் சட்டப்படி ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் இரண்டு பக்க வக்கீலும் நின்று சண்டை போடுவார்கள். அதேபோல, அப்பாதான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகுதான் அம்மா என்று அதே சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறவர்களும் உண்டு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகப் போட்ட வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் 'பிறகு' என்ற சொல்லுக்கு, அப்பா செத்த பிறகு என்று மட்டும் அர்த்தம் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையும் அதில் சேரும் என்று சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பைக் கேள்விப்படாதவர் குடும்ப வழக்கு பக்கம் அதிகம் வந்ததில்லை என்று அர்த்தம்.

பிள்ளையே "அம்மாகிட்ட இருக்கேன்" என்று சொன்னால் முடிந்ததா?

முடியாது. விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம். சேம்பரில் தனியாக அழைத்துப் பேசுவார்கள். ஆனால் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறதா என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு ஒத்திகை பார்க்கச் சொல்கிற வக்கீல் உங்கள் கேஸைக் கெடுக்கிறார்.

"நூறு சதவீதம் ஜெயிச்சுத் தர்றேன்" என்கிறாரே?

எழுந்து வந்துவிடுங்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீலே வைக்கக் கூடாதாமே, உண்மையா?

பாதி உண்மை. 1984-ஆம் வருடக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி, வக்கீல் வைத்துக்கொள்வதை அங்கே உரிமையாகக் கேட்க முடியாது. கோர்ட் அனுமதித்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஒரு மனு போடுவது வழக்கம், பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும். தேவைப்பட்டால் கோர்ட்டே தனக்கு உதவ ஒரு வக்கீலை நியமித்துக்கொள்ளவும் முடியும்.

இதற்குக் காரணம் உண்டு. அந்தக் கோர்ட்டின் முதல் வேலையே சமரசம் பேசிப் பார்ப்பது. கோர்ட்டின் கவுன்சிலர், அதாவது ஆலோசகர், முன்னால் நீங்கள்தான் உட்கார வேண்டும், வக்கீல் வெளியே நிற்பார். அதனால் கவுன்சிலிங்குக்கு முன்னால் உங்களைத் தயார்படுத்துகிறாரா என்று பாருங்கள். "உள்ளே போய்க் கத்தாதீங்க, பழைய கதையை ஆரம்பிக்காதீங்க, பிள்ளைக்கு என்ன வேணும்னு மட்டும் பேசுங்க" என்று சொல்லி அனுப்புகிற வக்கீல் கிடைத்தால் பாதிக் கவலை விட்டது. மீடியேஷன் என்றால் முகம் சுளிக்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே வந்துவிட்டது. இன்றைக்குக் குடும்ப வழக்கில் அந்தப் படியைத் தாண்டாமல் போவது அபூர்வம்.

உங்கள் ஊரில் குடும்ப நீதிமன்றமே இல்லை என்றால் ஜி.டபிள்யூ.ஓ.பி. மாவட்ட நீதிமன்றத்துக்கும், எச்.எம்.ஓ.பி. சார்பு நீதிமன்றத்துக்கும் போகும்.

ஃபீஸ் எவ்வளவு கேட்பார்கள்?

ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறு. தொகையைச் சொல்லி உங்களைக் குழப்ப விரும்பவில்லை. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்: மெயின் மனுவுக்கு எவ்வளவு, ஒவ்வொரு இடைக்கால மனுவுக்கும் தனியா, வாய்தாவுக்கு வாய்தா உண்டா, குறுக்கு விசாரணைக்குச் சீனியர் வந்தால் அது தனியா, டைப்பிங், ஜெராக்ஸ், எங்களைப் போன்ற குமாஸ்தா செலவு இதில் சேர்ந்ததா. (குமாஸ்தா செலவைக் கேட்க யாருக்கும் நினைவு வராது, எங்களுக்கு மட்டும் மறக்காது.) பேசியதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த மட்டும் பேங்க் வழியாகக் கொடுங்கள்.

"ஜெயிச்சா இவ்வளவு" என்று பேரம் பேசுவது பார் கவுன்சிலின் 20-ஆவது விதிப்படி கூடாது. ஜட்ஜுக்குக் கொடுக்க வேண்டும் என்று தனியாகப் பணம் கேட்டால், அந்த இடத்திலேயே உறவை முடித்துக்கொள்ளுங்கள்.

கையில் வருமானம் இல்லாத மனைவியோ கணவனோ, இந்துத் திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில், கேஸ் நடத்துகிற செலவை எதிர்த் தரப்பிடமிருந்து கேட்டு மனு போடலாம். இதை உங்கள் வக்கீல் தானாகச் சொல்ல வேண்டும்.

பணமே இல்லை. என்ன செய்வது?

நீங்கள் பெண் என்றால் இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பே கிடையாது. 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு பெண்களையும் குழந்தைகளையும் நேரடியாகச் சேர்த்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் எல்லோருக்கும் அப்படித்தான். மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா கோர்ட்டில் வட்டக் குழு இருக்கும். ஆதாரோடு போய் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே எடுத்துக்கொள்வார்கள். தேசிய உதவி எண் 15100.

"இலவச வக்கீல் ஒழுங்கா நடத்துவாரா?" என்று கேட்பீர்கள். ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் எல்லா மாதிரியும் இருக்கிறார்கள், காசு கொடுத்து வைக்கிற வக்கீல்களில் இருப்பது போலவே. கொடுத்தவர் சரியாக வரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்டு அதே அலுவலகத்தில் மனு கொடுங்கள். பெரும்பாலானவர்கள் அதைச் செய்யாமல் டீக்கடையில் வந்து புலம்புகிறார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஹேபியஸ் கார்ப்பஸ் போடலாமா?

ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தில் போடுவது. சென்னையில் அல்லது மதுரைக் கிளையில். பால்குடிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், சட்டப்படி எந்த உரிமையும் இல்லாத ஆள் வைத்திருக்கிறார் என்பது போன்ற நிலையில் அது உடனே வேலை செய்யும். அப்பாவிடமோ அம்மாவிடமோ இருக்கிற பிள்ளைக்கு, விரிவாக விசாரிக்க வேண்டிய விஷயம் என்று பட்டால், குடும்ப நீதிமன்றத்துக்கே போங்கள் என்று சொல்லிவிடுவார்கள். எல்லோருக்கும் இதையே முதல் மருந்தாக எழுதிக் கொடுக்கிற வக்கீலிடம் காரணம் கேளுங்கள்.

எதிர்த் தரப்பு மேல் போக்ஸோ புகார் கொடுத்தால் கஸ்டடி சீக்கிரம் கிடைக்கும் என்கிறார் வக்கீல்.

உண்மையிலேயே பிள்ளைக்கு ஏதாவது நடந்திருந்தால் வக்கீலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இன்றைக்கே 1098-க்குப் போன் செய்யுங்கள், போலீஸில் சொல்லுங்கள். நடக்காத ஒன்றை எழுதச் சொன்னால் அந்த ஆபீஸிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பகை தீர்க்கப் பொய்ப் புகார் கொடுத்தால் அதே சட்டத்தின் 22-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதைவிட, அந்தப் பிள்ளையை டாக்டர், போலீஸ், மாஜிஸ்திரேட் என்று அலைக்கழித்துக் கேள்வி கேட்பார்களே, அதை யோசியுங்கள். எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்று அப்படி மூன்றாவது தடவை வந்தபோது வராந்தாத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்ததை நான் பார்த்தேன். யார் கேஸ் என்பது வேண்டாம்.

பெண் வக்கீல்தான் வேண்டுமா?

உங்களுக்கு மனம்விட்டுப் பேச எளிதாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பாதியில் வக்கீலை மாற்றலாமா? கட்டைத் தர மாட்டேன் என்கிறார்.

மாற்றலாம். பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, புது வக்கீல் வக்காலத்து தாக்கல் செய்வார். அவர் எழுதித் தரவில்லை என்றால் கோர்ட்டிடமே அனுமதி கேட்கலாம். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் வருடமே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் வேறு வழியில் போகலாம். ஆனாலும் நியாயமான பாக்கியைக் கொடுத்துவிட்டு மரியாதையாகப் பிரிவது நல்லது. அதே வராந்தாவில்தான் நாளைக்கும் எல்லோரும் நிற்க வேண்டும்.

மோசம் செய்துவிட்டார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

முடியாது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில் வக்கீல்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் புகார் கொடுக்கலாம். எதிர்த் தரப்போடு சேர்ந்துகொண்டார், பணத்தை அமுக்கிவிட்டார் என்பது போன்ற விஷயத்துக்கு அது. கேஸ் தோற்றுவிட்டது என்பதற்காக அங்கே போக முடியாது. தோற்றால் மேல்முறையீடு. குடும்ப நீதிமன்றத்தின் இறுதி உத்தரவுக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு 30 நாளுக்குள் போக வேண்டும். நாள் எண்ணிக்கொண்டிருங்கள், சான்று நகலுக்கு அன்றைக்கே மனு போட்டுவிடுங்கள்.

வாய்தா தேதியை வக்கீல் பார்த்துக்கொள்வார் இல்லையா?

நீங்களும் பாருங்கள். இது என் சொந்த அனுபவம். ஏழெட்டு வருடம் முன்னால் டைரியில் 17 என்று எழுத வேண்டியதை 27 என்று எழுதிவிட்டேன். 17-ஆம் தேதி எங்கள் கட்சிக்காரர் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் இல்லை. எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது, அதாவது எங்கள் தரப்பு இல்லாமலே உத்தரவு போட்டுவிட்டார்கள். அதை ரத்து செய்ய மனு போட்டு, அபராதம் கட்டி மீண்டும் கேஸை உயிரோடு கொண்டுவர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அந்த அம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை. சீனியர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அபராதத்தை அவரே கட்டினார். அந்த அம்மா முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று ஒன்று உண்டு, ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்து பதினாறு இருக்கும். வக்கீலிடம் கேட்டு வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா எப்போது, சென்ற வாய்தாவில் என்ன நடந்தது என்று உங்கள் போனிலேயே தெரியும். எண் தர மறுக்கிற ஆபீஸ் எதையோ மறைக்கிறது.

பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது, அல்லது வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

உள்ளூர் அனுபவம் இதற்குப் போதாது. குழந்தைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடத்திப்போவது பற்றிய 1980-ஆம் வருட ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் அமெரிக்காவிலோ லண்டனிலோ வாங்கிய உத்தரவை இங்கே காட்டினால் தானாக நடக்காது. இங்குள்ள கோர்ட் பிள்ளையின் நலனைத் தனியாகப் பார்க்கும். உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி வழக்கு நடத்தியவரை வையுங்கள், அந்த நாட்டு வக்கீல் ஒருவரும் கூடவே வேண்டும். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் தடவை வக்கீலைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டு போவது?

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட அடையாள அட்டை, ஃபீஸ் ரசீது, ரேங்க் கார்டு, தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு. கல்யாணப் பத்திரிகையும் பதிவுச் சான்றும். இரண்டு பேருடைய சம்பள விவரம், தெரிந்த மட்டும். ஏற்கனவே கோர்ட்டிலிருந்து வந்த சம்மன், நோட்டீஸ் ஏதாவது இருந்தால், அது வந்த கவரையும் சேர்த்து, தேதி முத்திரை அதில்தான் இருக்கும். எல்லாம் ஜெராக்ஸ், ஒரிஜினலைப் பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் சண்டைகளை நானூறு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வராதீர்கள், முக்கியமான பத்து போதும். ஆனால் போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.

பிள்ளையை அழைத்து வர வேண்டாம். வீட்டில் விட ஆள் இல்லை என்றால் கூட ஒருவரைக் கூட்டி வந்து வெளியே உட்கார வையுங்கள். எங்கள் ஆபீஸில் அதற்கென்றே ஒரு கலர் பென்சில் டப்பா வைத்திருக்கிறேன். சிவப்புதான் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.